புருனோவைக் கடலுக்குக் கூட்டிப் போகலாமா?

தம்பி, உங்கள் கேள்வி இதுதான். சென்னையில் வேலை பார்த்தபோது கோவளத்தில் சர்ஃபிங் கற்றுக்கொண்டீர்கள், இப்போது மதுரைக்கே திரும்பி வந்தாயிற்று, வீட்டில் இரண்டு வயது லாப்ரடார் புருனோ இருக்கிறான், அமெரிக்காவில் நாய்கள் பலகையில் நின்றபடி அலையில் வருகிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு அவனையும் ராமேஸ்வரம் பக்கம் கூட்டிப்போய் ஏற்றிப் பார்க்கலாம் என்று ஆசை. ஆனால் உங்கள் அக்கா, "வாயில்லா ஜீவன்டா, உன் கூத்துக்கு அதை எதுக்கு இழுக்கிற" என்று ஒரு வார்த்தை சொன்னதும் மனசு உறுத்துகிறது. நாய்க்கு அது நிஜமாகவே பிடிக்குமா, இல்லை பிடிப்பதெல்லாம் நமக்குத்தானா?

நான் மேலூரிலும் மதுரையிலுமாக இருபது வருஷத்துக்கு மேல் ஆடு, மாடு, நாய் பார்த்துக்கொண்டிருக்கிற கால்நடை மருத்துவன். சர்ஃபிங் பலகையில் ஏறியது கிடையாது, ஏறினால் பலகைக்குத்தான் ஆபத்து. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நாயைத் தண்ணீரில் இறக்கிவிட்டு திங்கட்கிழமை காலையில் கிளினிக் வாசலில் வந்து நிற்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பிடித்துப்போய்ச் செய்கிற நாய்கள் இருக்கின்றன, சந்தேகமே வேண்டாம். வேறு வழியில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிற நாய்களும் இருக்கின்றன. வம்பு என்னவென்றால், வீடியோவில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நடுத்தண்ணீரில் ஒரு பலகை, சுற்றிலும் அலை, இறங்கி ஓட இடமில்லை. அந்த இடத்தில் நாய் அசையாமல் நிற்கிறது என்றால் அது தைரியமா, மிரட்சியா, வெறும் சமத்துத்தனமா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. நான் பலகையில் நிற்கிற நாயைப் பார்ப்பதே இல்லை. பலகை மறுபடி தண்ணீருக்குப் போகும்போது நாய் எந்தப் பக்கம் போகிறது என்றுதான் பார்ப்பேன்.

சின்ன வயசுக் கதை ஒன்று. எங்கள் ஊர் மேலூருக்குக் கிழக்கே. வீட்டில் மணி என்று ஒரு செவலை நாட்டு நாய் இருந்தது. லீவு விட்டால் பயல்கள் எல்லாம் மோட்டார் கிணற்றில் சொர்க்கடித்துக் கிடப்போம், மணி கிணற்று விளிம்பைச் சுற்றிச்சுற்றி ஓடிக் குரைக்கும். "அதுக்கும் குதிக்க ஆசைடா" என்று என் சின்ன மாமா ஒருநாள் அதைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டார். நாலு காலையும் போட்டு அடித்து நீந்தி, படியைப் பிடித்து ஏறி வந்து, ஒரு உதறு உதறியது, மாமாவைப் பார்த்து வாலையும் ஆட்டியது. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். "பாரு, என்னமா நீந்துது!" அடுத்த நாளிலிருந்து எங்களோடு வயலுக்கு வரும், வரப்பு முனையில் இருந்த வேப்பமரம் வரைக்கும். அதற்கு மேல் ஓரடி வராது. கருவாட்டுத் தலையைக் காட்டிக் கூப்பிட்டால்கூட நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து முனகும். டாக்டருக்குப் படிக்கப் போன பிறகுதான் அந்தக் குரைப்பின் அர்த்தம் எனக்குப் பிடிபட்டது. அதன் கணக்கில் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்தார்கள், அது கத்திக்கொண்டிருந்தது.

நீந்துவது வேறு, நீந்தப் பிடிப்பது வேறு. தண்ணீரில் போட்டால் அனேகமாக எல்லா நாயும் காலை அடிக்கும். உயிர் பிழைக்க அடிக்கிற அடியைப் பார்த்துக் கைதட்டக் கூடாது.

அசையாமல் நிற்பதைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 1967ல் செலிக்மேன், மேயர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் செய்த பரிசோதனை உளவியல் படித்தவர்களுக்கெல்லாம் தெரியும், இப்போது படித்தால் வயிற்றைப் பிசையும். நாய்களைக் கட்டிவைத்து, அவை என்ன செய்தாலும் நிற்காத மின்அதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு அதே நாய்களை ஒரு சின்னத் தடுப்பைத் தாண்டினாலே தப்பித்துவிடலாம் என்கிற பெட்டியில் விட்டால், அவற்றில் நிறைய நாய்கள் தாண்டவே இல்லை. படுத்து முனகிக்கொண்டு வாங்கிக்கொண்டன. என்ன செய்தாலும் பயனில்லை என்று ஒருமுறை மனசில் பதிந்துவிட்டால் நாய் எதிர்ப்பதை விட்டுவிடும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது "ரொம்ப அமைதியான நாய்". ஊசி போடும் மேசையில் இதைத் தினமும் பார்க்கிறேன். "சார், எங்க நாய் ஆடாம நிக்கும், ஊசின்னா பயமே இல்ல" என்பார்கள். கையை வைத்துப் பார்த்தால் நெஞ்சு தடதடவென்று அடிக்கும், மேசையில் நாலு பாதமும் ஈரத்தடம் பதித்திருக்கும். நாய்க்குப் பாதத்தில்தான் வியர்க்கும்.

இதற்காக வீடியோவில் வருகிற நாய்கள் எல்லாம் பாவம் என்று ஒரேயடியாகச் சொல்லவும் மாட்டேன். நாயைப் பலகையில் ஏற்றுவது இந்த இன்ஸ்டாகிராம் காலத்துப் பழக்கம் இல்லை, ஹவாயின் வைக்கிக்கி கடற்கரையில் 1930களிலேயே ஆளும் நாயும் ஒரே பலகையில் வந்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் வருஷாவருஷம் இதற்கென்றே போட்டி நடக்கிறது. ஹன்டிங்டன் பீச்சில் 2009லிருந்து, பசிஃபிகாவில் 2016லிருந்து. அபி என்ற கெல்பி நாய் 2011 அக்டோபரில் சான் டியேகோவில் ஒரே அலையில் 107.2 மீட்டர் வந்தது, கின்னஸில் இருக்கிறது. நமக்கு இதைவிட உபயோகமான கதை ரிக்கோஷே என்ற கோல்டன் ரிட்ரீவருடையது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் நாயாகப் பழக்கினார்கள், பறவையைக் கண்டால் விரட்டிக்கொண்டு ஓடும் புத்தியால் அந்த வேலைக்கு லாயக்கில்லை என்று ஆகிவிட்டது. 2009ல் கைகால் செயலிழந்த ஒரு சிறுவன் சர்ஃபிங் செய்தபோது அது தானாகவே அவன் பலகையில் தாவி ஏறியது என்கிறார்கள். 2023ல் அது இறந்துபோனது, அதற்கு முன்னால் பல வருஷம் அதன் வேலையே மாற்றுத்திறனாளிகளோடும் போரிலிருந்து மனம் உடைந்து திரும்பிய சிப்பாய்களோடும் அலையில் வருவதுதான். ஒரு வேலையைச் செய்ய மாட்டேன் என்று பச்சையாகக் காட்டத் தெரிந்த நாய் அது. அப்படிப்பட்டது இன்னொன்றில் தானாக ஏறினால், அந்தச் சம்மதத்தை என்னால் நம்ப முடிகிறது.

ஸ்வீடனில் பீகிள் நாய்களை வைத்துச் செய்து 2014ல் வெளியான ஓர் ஆய்வை இங்கே சொன்னால் பொருத்தமாக இருக்கும். ஒரு நாய்க்கு ஒரு சின்ன வேலை: பொம்மைப் பியானோவின் கட்டையை அமுக்குவது போல. அமுக்கினால் கதவு திறந்து பரிசு கிடைக்கும். இன்னொரு நாய்க்கு அது அமுக்கினாலும் அமுக்காவிட்டாலும் அதே நேரத்துக்குப் பின் அதே பரிசு. தீனி ஒன்றுதான், ஆனால் தானே செய்து வாங்கிய நாய் அதிகமாக வாலை ஆட்டியது, மறுபடி அந்த இடத்துக்குள் போகத் துடித்தது; சும்மா வாங்கிய நாய் போகப்போக உள்ளே நுழையவே தயங்கியது. இதைப் படித்தபோது எனக்குப் பட்டது, அலையில் வருவது பிடிக்குமா பிடிக்காதா என்பதற்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது: அது நாயின் கையில் இருக்கிறதா? ஏறுவதும் இறங்குவதும் அதன் இஷ்டம் என்றால் பிடிக்க வாய்ப்பு நிறைய. தூக்கி வைப்பதும் தள்ளிவிடுவதும் நாம் என்றால் அதே அலை, அதே கடல், வேறு அனுபவம்.

(இதையெல்லாம் எழுதும்போதே, மதுரைக்காரன் ஒருவன் வாடிவாசல் காளையைப் பற்றி இதே கேள்வியைக் கேட்பான் என்று தெரியும். அந்தப் பஞ்சாயத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

சரி, நாயின் முகத்தில் எதைப் பார்ப்பது? வால் ஆடினால் சந்தோஷம் என்பது சினிமாக் கணக்கு. இத்தாலியில் 2007ல் வந்த ஓர் ஆய்வில், வளர்த்தவரைப் பார்க்கும்போது நாயின் வால் அதன் வலப்பக்கம் அதிகமாகப் போகிறது என்றும், முன்பின் தெரியாத முரட்டு நாயைப் பார்க்கும்போது இடப்பக்கம் போகிறது என்றும் கண்டார்கள். இரண்டிலும் வால் ஆடத்தான் செய்கிறது. போதாக்குறைக்குப் பலகை மேல் நிற்கும்போது வால் என்பது தராசு முள், விழாமல் இருக்க ஆட்டும். ஆகவே வாலை விட்டுவிட்டு வாயைப் பாருங்கள். வாய் தளர்ந்து லேசாகத் திறந்து நாக்கு மெத்தென்று தொங்கினால் நல்லது. உதடு இறுகி மூடியிருந்தாலோ, வாய்க்கோடி காதுவரை இழுத்துக்கொண்டு வேகவேகமாக இளைத்தாலோ நல்லதில்லை. தூக்கம் இல்லாத நேரத்தில் கொட்டாவி, தீனி இல்லாத நேரத்தில் உதட்டை நக்குவது, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரமாக உருட்டிப் பார்க்கும்போது வெள்ளை விழி பிறை மாதிரித் தெரிவது, காது பின்னால் ஒட்டிக்கொள்வது, உடல் எடை முழுக்கப் பின்னங்காலில் இருப்பது, இதெல்லாம் "எனக்கு இது வேண்டாம்" என்பதன் நாய்ப் பாஷை. சுலபமான இன்னொன்று: உயிரையே விடுகிற தீனி ஏதாவது இருக்கும் இல்லையா, புருனோவுக்கு அது சிக்கனாக இருக்கலாம், அதை நீட்டுங்கள். வாங்கவில்லை என்றால் அன்றைக்கு மூட்டையைக் கட்டிவிட வேண்டியதுதான். கரைக்கு வந்ததும் கிறுக்குப் பிடித்த மாதிரி வட்டமடித்து ஓடுவதை மட்டும் நம்பாதீர்கள், ஆனந்தத்திலும் ஓடும், தப்பித்தோம்டா சாமி என்றும் ஓடும்.

புருனோ லாப்ரடார் என்பது உங்களுக்குச் சாதகம். அதன் முன்னோர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் மீனவர்களோடு குளிர்ந்த கடலில் வலை இழுக்கவும் தப்பிய மீனைக் கவ்வவும் வேலை செய்த நாய்கள். விரலுக்கு இடையில் சவ்வு, எண்ணெய்ப் பசையுள்ள ரோமம், துடுப்பு மாதிரி வால். என் வீட்டில் இப்போது இருக்கும் ஜூலி பாதி லாப், மீதி என்னவென்று அவள் அம்மாவுக்குத்தான் தெரியும். தோட்டத்தில் மோட்டார் போடுகிற சத்தம் கேட்டால் போதும், வாசலில் படுத்திருப்பவள் எழுந்து ஓடி, குழாயிலிருந்து முதல் தண்ணீர் விழுவதற்கு முன்னால் தொட்டிக்குள் உட்கார்ந்திருப்பாள். யாரும் கூப்பிடவில்லை, தீனி காட்டவில்லை. மோட்டாரை நிறுத்தினாலும் இறங்காமல் குழாய் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிடித்திருக்கிறது என்றால் இதுதான் பிடித்திருக்கிறது.

ஆனால் எல்லா லாப்பும் ஜூலி இல்லை, குளிக்க வைக்கப் பைப்பை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போகும் லாப்களையும் தெரியும். அதேபோல நம் பக்கத்து நாய்களைக் கடலுக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் இரண்டு முறை யோசிக்க வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் ஓடப் பிறந்தவை. உடம்பில் கொழுப்பே கிடையாது, நெஞ்சு ஆழம், கால் குச்சி. மிதப்பதற்குப் படும் பாடு பெரிது, சீக்கிரம் களைத்துவிடும். ராஜபாளையத்துக்கு வெள்ளைத் தோலும் ரோஜா நிற மூக்கும் வெயிலில் வெந்துபோகும், அந்த இனத்தில் காது கேளாமையும் உண்டு, கடலுக்குள் போய்விட்டால் கூப்பிட்டுத் திருப்ப முடியாது. 2005ல் தபால்தலை போட்டுக் கௌரவித்த நாய், அதைப் போய் அலையில் தள்ளவேண்டுமா? பக் நாயைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஒரு செல்போன் விளம்பரத்துக்கு அப்புறம் தெருவுக்கு ஒன்று வந்துவிட்டது. கலிபோர்னியாவில் சப்பை மூக்கு நாய்கள் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு அலையில் வருகின்றனவே என்று கேட்பார்கள். அந்தக் கடல் சில்லென்று இருக்கும், நம் கடல் கோடையில் கிட்டத்தட்ட முப்பது டிகிரி. மூச்சு வாங்குவதே பாரமாக இருக்கிற நாய்க்கு வெந்நீரில் உடற்பயிற்சி எதற்கு.

இப்போது புருனோவுக்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம். முதலில் பலகையைக் கொண்டுவந்து ஹாலில் போடுங்கள். மேலே மெத்தென்று இருக்கும் ஃபோம் பலகை வேண்டும், வழுக்கும் பலகையில் நகம் பிடிக்காது. கயிறும் வேண்டாம், கட்டளையும் வேண்டாம், போட்டுவிட்டு நீங்கள் பேப்பர் படியுங்கள். ஒன்றிரண்டு நாளில் அவனாக மோந்து, ஏறி, படுத்தால் தீனி கொடுங்கள். இறங்கினால் இறங்கட்டும், திட்டாதீர்கள், மறுபடி தூக்கி வைக்காதீர்கள். இது பழகிய பிறகுதான் தண்ணீர். தெரிந்தவர் தோட்டத்துத் தொட்டி இருந்தால் அதுதான் பள்ளிக்கூடம், நெஞ்சளவு தண்ணீர் போதும், அவன் நெஞ்சைச் சொல்கிறேன். கண்மாய் வேண்டாம். தண்ணீர் நிறைந்திருக்கும்போது பார்க்க அழகாகத்தான் இருக்கும், அடியில் சீமைக்கருவேல முள் காத்துக்கொண்டிருக்கும். தேங்கிய தண்ணீர் என்றால் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு, அதற்கான தடுப்பூசி வருஷம் ஒருமுறை போட்டிருக்கிறீர்களா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள். பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் திறந்திருக்கும்போது இழுப்பு அதிகம், அதுவும் வேண்டாம்.

வாய்க்கால் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஒருவர் பதறிப்போய் லாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார், "சார், வால் ஒடிஞ்சுபோச்சு, யாரோ வண்டியை ஏத்திட்டாங்க." வால் அடியில் ரெண்டு விரற்கடை விறைப்பாக நின்று, அதற்குக் கீழே ஈரத்துணி மாதிரி தொங்கியது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. முந்தின நாள் முழுக்க வாய்க்காலில் பந்து எறிந்து விளையாடியிருக்கிறார்கள். நீந்தும்போது வாலைச் சுக்கான் போலப் பயன்படுத்திப் பயன்படுத்தி அந்தத் தசை பிடித்துக்கொண்டது, நாலைந்து நாள் ஓய்விலும் வலி மருந்திலும் சரியாகிவிட்டது. சந்தோஷமாக விளையாடிய நாய்க்குத்தான் இது வரும். பிடித்திருக்கிறது என்பதற்காக அளவில்லாமல் விடவும் முடியாது. லாப்புக்குப் போதும் என்று சொல்லத் தெரியாது, நீங்கள்தான் சொல்லவேண்டும். முதல் நாள் பத்து நிமிஷம், அவ்வளவுதான்.

கடலில் பெரிய வில்லன் அலை இல்லை, உப்பு. பந்தைக் கவ்வக் கவ்வ வாய்நிறையக் கடல்தண்ணீர் போகும், அதில் உப்புச் சத்து நாயின் ரத்தத்தில் இருப்பதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். கொஞ்சம் குடித்தால் வயிற்றுப்போக்கோடு போகும், காரின் பின்சீட்டுக்குத்தான் கேடு. நிறையப் போனால் வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு என்று உயிருக்கே வரும். கால் மணிக்கு ஒருமுறை கரைக்குக் கூப்பிட்டு நல்ல தண்ணீர் கொடுங்கள், வீட்டிலிருந்தே இரண்டு கேன் எடுத்துப் போங்கள். கரையில் ஒதுங்கிக் கிடக்கிற மீனை வாயில் வைக்க விடாதீர்கள். வலைக்காரர்கள் கழித்துப் போடும் பேத்தை மீன் காய்ந்து கிடந்தாலும் விஷம்தான், அதற்கு மாற்று மருந்து கிடையாது. தூண்டில் முள், நைலான் வலைத் துண்டு எல்லாம் மணலில் புதைந்திருக்கும், இறக்கிவிடுமுன் நீங்கள் ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். மே மாதம் என்றால் விடிந்ததும் இறங்கி எட்டரைக்குள் முடித்துவிட வேண்டும், புறங்கையை மணலில் வைத்து வைத்திருக்க முடியவில்லை என்றால் அவன் பாதத்துக்கும் முடியாது. வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, காதுமடலைப் புரட்டித் துடைத்து உலர்த்துங்கள், தொங்கு காதுக்குள் ஈரம் தங்கினால் ஒரு வாரத்தில் நாற்றத்தோடு என்னைப் பார்க்க வருவீர்கள்.

இடம்: ராமேஸ்வரம் தீவில் ஆண் கடல், பெண் கடல் என்று சொல்வார்கள், தெரிந்திருக்கும். மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல், அலையும் இழுப்பும் அங்கே. பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல், தெப்பக்குளம் மாதிரிக் கிடக்கும். உங்களுக்கு அலை வேண்டும், எனக்குத் தெரியும், ஆனால் புருனோவின் முதல் சில தடவைகள் பெண் கடலில்தான். வடகிழக்குக் காற்று அடிக்கிற மாதங்களில் அதுவும் குணம் மாறும், அப்போது போகாதீர்கள். தனுஷ்கோடி முனைப் பக்கம் நாயை இறக்குகிற எண்ணமே வேண்டாம். முதுகில் கைப்பிடி வைத்த நாய் லைஃப் ஜாக்கெட் ஆன்லைனில் கிடைக்கிறது, வாங்கி வீட்டிலேயே போட்டுப் பழக்குங்கள். உங்கள் காலில் கட்டுகிற பலகைக் கயிற்றை எக்காரணம் கொண்டும் அவன் மேல் கட்டக்கூடாது.

முழங்கால் தண்ணீரில் பலகையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். அவனாக ஏறினால் பத்தடி தள்ளுங்கள், கரை தட்டியதும் பலகையை எடுத்துக்கொண்டு திரும்பித் தண்ணீருக்குள் நடங்கள், கூப்பிடாமல். பின்னால் வந்தால் இன்னொரு தடவை. மணலிலேயே நின்று உங்களைப் பார்த்துக் குரைத்தால், அன்றைக்கு அவனுக்குப் பந்து விளையாட்டு, சர்ஃபிங் உங்களுக்கு மட்டும்.

அக்காவையும் கூட்டிப் போங்கள். பலகையைத் தள்ளுகிறவருக்கு நாயின் முதுகுதான் தெரியும், முகத்தைப் பார்க்கக் கரையில் ஒரு ஆள் வேண்டும்.